உளநோய்க் கையேட்டில் எரிச்சல்

மனச்சோர்வு நோய் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றும் உருவம் எது? மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், சோறு இறங்காதவர், "என்ன?" என்று கேட்டாலே கண் கலங்குபவர். திரைப்படங்களும் தொடர்கதைகளும் நமக்கு வரைந்து கொடுத்த உருவம் இது. தவறான உருவம் என்று சொல்வதற்கில்லை, அரைகுறையான உருவம். காப்பி ஆறிவிட்டது என்பதற்காகத் தம்ளரை வீசி எறிகிறவர், குழந்தையின் கையிலிருந்து பென்சில் விழுந்த ஓசைக்கே எரிந்து விழுகிறவர், "இன்றைக்கு அவரிடம் போகாதே" என்று அலுவலகத்தில் எல்லாரும் ஒதுங்கிச் செல்கிற மனிதர், இவருக்கும் அதே நோய் இருக்கக்கூடும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றும்?

நமக்குத் தோன்றாததில் வியப்பில்லை. நோய்களைக் கண்டறிய மருத்துவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே எழுதப்பட்ட பெரியதொரு நூல், இந்த மனிதரை ஒரு காலத்தில் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு, பிறகு சந்தடியில்லாமல் வெளியே அனுப்பிவிட்டது. வியப்பு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் அந்நூலைச் சுருக்கமாக டி.எஸ்.எம். என்பார்கள். முதற்பதிப்பு 1952-இல் வந்தது. ராபர்ட் ஸ்பிட்ஸர் என்பவரின் தலைமையில் 1980-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்புதான் அதற்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. இன்னின்ன அறிகுறிகளுள் இத்தனை இருந்தால், இத்தனை நாள் நீடித்தால், இன்ன நோய் என்று கணக்கு வகுத்துக் காட்டிய பதிப்பு அது. ஐந்தாம் பதிப்பு 2013-இலும், அதன் திருத்தம் 2022-இலும் வந்தன. கதை, கவிதை நூல்களைத்தான் விமரிசனம் செய்யவேண்டும் என்று விதி ஏதும் இல்லை. கோடிக்கணக்கான மனிதர்களுக்குப் பெயர் சூட்டும் நூலையும் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முழு நூலையும் எடுத்துக்கொள்ள இங்கே இடம் போதாது. ‘எரிச்சல்’ என்ற ஒரே ஒரு சொல், அந்நூலின் பக்கங்களில் எப்படி இடம் மாறி இடம் மாறி அலைந்தது என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு செய்தி. உளமருத்துவம் இச்சொல்லைக் கையாளத் தொடங்குவதற்கு முன்பே உடலியல் அதைக் கையாண்டது. ஆல்பிரெஹ்ட் ஃபான் ஹாலர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர், ஒரு தசைநாரைத் தொட்டால் அது சுருங்கும் இயல்பை 1752-இல் இதே சொல்லால் குறித்தார். உங்கள் உயிரியல் பாடநூலில் ‘உறுத்துணர்ச்சி’ என்று வருவது அதுவே. தூண்டலுக்கு எதிர்வினை காட்டுவது உயிருள்ள எல்லாவற்றுக்கும் பொது. இதில் நோய் ஏதும் இல்லை. தமிழில் தொட்டாற்சிணுங்கி என்று ஒரு செடியையும் சொல்கிறோம், எடுத்ததற்கெல்லாம் முகம் கோணும் ஆளையும் சொல்கிறோம். ஹாலரின் சொல்லுக்கு நேர்ந்தது நம் சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது! நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. "எரிச்சல் இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டால், கண்ணைக் காட்டுவதா, நெஞ்சைக் காட்டுவதா, வயிற்றைக் காட்டுவதா என்று நோயாளி திகைக்கலாம். ‘சிடுசிடுப்பு’ என்று கேட்டால் ஐயம் வராது.

எரிச்சல் வேறு, கோபம் வேறு. ஆங்கில நாட்டு உளமருத்துவர் ஸ்நெய்த், 1978-இல் எரிச்சலைத் தனியே அளப்பதற்கு ஒரு வினாத்தாளை உருவாக்கினார். பிறகு 1985-இல் டெய்லர் என்பவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அதற்கு இலக்கணம் வகுத்தார். பொறுமையின்மை, சகிப்பின்மை, அடக்க இயலாத சினம் ஆகியவை கலந்த ஒரு நிலை அது என்றும், அதை அனுபவிப்பவருக்கு எப்போதும் துன்பமாகவே இருக்கும் என்றும் அவர்கள் கூறினர். நியாயமான கோபம் வெடித்து அடங்கினால் மனம் இலேசாகும். எரிச்சல் வெடித்தாலும் இலேசாவதில்லை. இந்த ஒரு குறிப்பு, கையேட்டில் எரிச்சலைப் பற்றி வரும் பல வரிகளைவிட உயர்ந்தது என்பது என் கருத்து. எரிந்து விழுகிறவரைக் குற்றவாளியாகப் பார்க்கப் பழகிய நமக்கு, துன்பப்படுகிறவராகப் பார்க்கக் கற்றுத் தருவது அதுதான்.

இனிக் கையேட்டுக்கு வருவோம். 1972-இல் ஃபெய்னர் முதலியோர் ஆய்வுப் பயன்பாட்டுக்காக வகுத்த நோய் இலக்கணங்களில், மனச்சோர்வின் மனநிலையைக் குறிக்கும் சொற்களிடையே சோகம், நம்பிக்கையின்மை ஆகியவற்றுடன் எரிச்சலும் இருந்தது. 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பும் அதை அப்படியே ஏற்றது. அதாவது, நாற்பது வயதுக்காரர் ஒருவர் சோகமாக இல்லாமல் சிடுசிடுப்பாக இருந்தாலும், மற்ற அறிகுறிகள் போதிய அளவு இருந்தால் அவரை அந்தப் பக்கத்தில் சேர்க்க வழியிருந்தது. ஏழே ஆண்டுகளில், 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த வழி அடைபட்டது. மனச்சோர்வில் எரிச்சலான மனநிலை என்பது சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் மட்டும் உரியதாயிற்று. அன்று முதல் இன்று வரை அவ்வாறே இருக்கிறது.

இதை நடைமுறையில் வைத்துப் பாருங்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் பல வாரங்களாகச் சிடுசிடுக்கிறான். உறக்கம் கெட்டது, உணவு குறைந்தது, படிப்பில் மனம் ஊன்றவில்லை, தான் எதற்கும் உதவாதவன் என்று எண்ணுகிறான். அவனுக்கு மனச்சோர்வு நோய் என்று கையேடு சொல்லும். அதே பையன் வளர்ந்து இருபது வயதில் அதே நிலையில் வந்தால், முதலில் சோகம் எங்கே, அல்லது எதிலும் நாட்டமின்மை எங்கே என்று தேடச் சொல்லும். பதினெட்டாம் வயதில் மனித மூளைக்குள் எரிச்சல் அணைந்து சோகம் பற்றிக்கொள்வதாக எந்த உடலியலும் கூறவில்லை. வாக்குரிமைக்கு வயது வரம்பு வைக்கலாம். அறிகுறிக்கு வைப்பது எப்படி?

அமெரிக்காவில் மனச்சோர்வு நோயாளிகளை முப்பது ஆண்டு வரை பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகளை லூயிஸ் ஜட் குழுவினர் 2013-இல் வெளியிட்டனர். ஆய்வில் சேரும்போது மனச்சோர்வில் இருந்த 536 பேரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் வெளிப்படையான எரிச்சலோ சினமோ காணப்பட்டது. எல்லாரும் வயது வந்தவர்கள். எரிச்சல் இருந்தவர்களுக்கு நோய் கடுமையாகவும் நெடுநாளாகவும் இருந்தது. வாழ்க்கைப் பாதிப்பும் மிகுதி. கையேடு வெளியே அனுப்பிய அறிகுறி, நோயாளிகளுள் பாதிப்பேரை விட்டு வெளியேறவில்லை.

கையேட்டின் சார்பாக ஒரு வாதம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். எரிச்சல் எங்கேதான் இல்லை? பதற்றக் கோளாறில் இருக்கிறது; பேரிடருக்குப் பின் வரும் மனக்காயத்தில் இருக்கிறது; குடியை நிறுத்தியவருக்கு, தைராய்டு மிகுதியாகச் சுரப்பவருக்கு, நான்கு இரவு தூங்காதவருக்கு எல்லாம் இருக்கிறது. எங்கும் இருப்பது எதையும் சுட்டிக்காட்டாது. ஆகையால் அதை நீக்கியது சரியே என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உறக்கக் கேடும் களைப்பும் கவனக் குறைவும் அப்படியே எங்கும் இருப்பவைதாமே? அவற்றை மனச்சோர்வின் பட்டியலிலிருந்து யாரும் நீக்கவில்லை. காய்ச்சல் நூறு நோய்களில் வரும் என்பதற்காக மலேரியாவின் இலக்கணத்திலிருந்து காய்ச்சலை எடுத்துவிடுவோமா?

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில், மாதவிலக்குக்கு முன்னர்ப் பெண்களுக்கு வரும் கடுமையான மனநிலைக் கோளாறு ஒன்று மனச்சோர்வு நோய்களின் அத்தியாயத்திலேயே சேர்க்கப்பட்டது. அதன் மைய அறிகுறிகள் நான்கனுள் ஒன்று, மிகுந்த எரிச்சல் அல்லது சினம்! ஆக, அதே அத்தியாயத்தில் சில பக்கம் தள்ளி, வயது வந்தவர்களின் எரிச்சல் மனச்சோர்வோடு உறவுடையதாகிவிடுகிறது. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது, கதவு அடைபட்டதால் வந்த கேடு. கதவு அளவுக்கு மீறித் திறந்ததால் வந்த கேடு இன்னும் பெரியது. அது குழந்தைகளைப் பற்றியது.

இருமுனைக் கோளாறு என்பது, மனச்சோர்வும் அதற்கு நேரெதிரான ‘மேனியா’ என்னும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் நோய். மிகையெழுச்சியில் நோயாளி அளவற்ற உற்சாகம் கொள்வார், உறக்கம் தேவைப்படாது, எண்ணங்கள் குதிரை வேகத்தில் பாயும், இருக்கும் பணத்தையெல்லாம் அள்ளி இறைப்பார். உற்சாகத்துக்குப் பதிலாகக் கடும் எரிச்சலும் இருக்கலாம். ஜெர்மானிய அறிஞர் எமில் கிரேப்பலின் இந்நோயாளிகளின் அடிப்படை இயல்புகளை நான்காகப் பிரித்தபோதே எரிச்சல் இயல்பு என்று ஒன்றைத் தனியாக வைத்தார். கையேடும் இதை ஏற்றது. எரிச்சல் மட்டும் இருந்தால் கூடுதலாக ஓர் அறிகுறி வேண்டும் என்று எச்சரிக்கையாகவே எழுதியது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை வேறொன்று. அந்நிலை ஒரு தனிக் காலகட்டமாக இருக்க வேண்டும். அதற்கு முன் அவர் அப்படி இல்லை என்று சுற்றத்தார் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அலை எழுவதும் விழுவதும்தான் இந்நோயின் அடையாளம்.

1990-களில் அமெரிக்காவில் இந்த நிபந்தனை தளர்ந்தது. பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் சிலர், குழந்தைகளிடம் மிகையெழுச்சி அலையலையாக வருவதில்லை, ஓயாத கடும் எரிச்சலாகவே வெளிப்படுகிறது என்று 1995-இல் எழுதினர். ஆண்டு முழுவதும் சிடுசிடுப்பும் அடிக்கடி ஆத்திர வெடிப்புமாக இருக்கும் குழந்தைக்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சூட்ட வழி பிறந்தது. விளைவை எண்களில் பாருங்கள். இருபது வயதுக்கு உட்பட்டோரில் இந்நோய்க்காக மருத்துவரிடம் சென்ற வருகைகள், 1994-95-இல் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 25. 2002-03-இல் 1,003. நாற்பது மடங்கு! இதே காலத்தில் பெரியவர்களிடம் ஏற்பட்ட உயர்வு இரண்டு மடங்குகூட இல்லை. மரபணு வழியாக இறங்கும் ஒரு நோய் எட்டே ஆண்டுகளில் நாற்பது மடங்கு பெருகாது. பெருகியது பெயர்.

பெயர்தானே, போகட்டும் என்று விடமுடியாது. பெயரைத் தொடர்ந்து மருந்து வரும். இருமுனைக் கோளாறு என்றால் லித்தியம் முதலிய மருந்துகள். உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடிய, சித்தப்பிரமைக்குக் கொடுக்கும் மாத்திரைகள். மனச்சோர்வுக்குரிய மருந்தைத் தனியாகக் கொடுக்க மருத்துவர் தயங்குவார், அது மிகையெழுச்சியைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால். எட்டு வயதுக் குழந்தைக்கு எந்தப் பாதை என்பதை, ‘எரிச்சல்’ என்ற சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பதே முடிவு செய்தது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த எலன் லீபன்லுஃப்ட். அலையாக வரும் எரிச்சல் உள்ள சிறுவர்களையும் ஓயாத எரிச்சல் உள்ள சிறுவர்களையும் அவர் 2003-இல் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து வரையறுத்தார். இரண்டும் ஒரே நோயானால், ஓயாத எரிச்சல் உள்ளவர்களுக்கும் நாளாவட்டத்தில் மிகையெழுச்சி அலை வந்தே தீரவேண்டும் அல்லவா? இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 2010-இல் வெளிவந்த முடிவு இது: இருமுனைக் கோளாறு கொண்ட 93 பேரில் 58 பேருக்கு அத்தகைய அலை மீண்டும் வந்தது. ஓயாத எரிச்சல் உள்ள 84 பேரில் ஒரே ஒருவருக்கு வந்தது. நியூயார்க் மாநிலத்தில் பொதுமக்களிடையே வளரிளம் பருவத்தினரை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த வேறோர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. சிறுவயதில் எரிச்சல் மிகுந்திருந்தவர்களுக்குப் பெரியவர்களானபின் வந்தவை மனச்சோர்வும் பதற்றமும்தாம். இருமுனைக் கோளாறு அல்ல.

எரிச்சல் எப்படிப் பிறக்கிறது என்பதற்கும் இந்த ஆய்வுகள் ஒரு வாசலைத் திறந்தன. இதற்கு மூலமான சோதனையை 1952-இல் ஆம்செல், ரூஸெல் என்ற இருவர் எலிகளைக்கொண்டு செய்தனர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஓடுபாதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் தீனி. எலி பழகிக்கொண்டது. பிறகு சில தடவை முதற்பாதையின் முடிவில் தீனி வைக்காமல் விட்டார்கள். எலி சோர்ந்து நின்றதா? இல்லை. இரண்டாம் பாதையில் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்து ஓடியது. கிடைக்கும் என்று நம்பியது கிடைக்காதபோது உடலில் ஒரு முறுக்கு ஏறுகிறது. அதற்கு ஒரு போக்கிடம் வேண்டியிருக்கிறது. பேருந்து நிற்காமல் போய்விட்டால் கையிலிருக்கும் பையைத் தரையில் அறைகிற மனிதரை நீங்கள் பார்த்ததில்லையா?

சிறுவர்களிடம் இதைக் கணிப்பொறி விளையாட்டாக மாற்றினார்கள். திரையில் தோன்றும் குறியைக் கண்டதும் பொத்தானை அழுத்தினால் சிறு காசு கிடைக்கும். சற்று நேரம் கழித்து, சரியாக அழுத்தினாலும் "தாமதம், காசு போயிற்று" என்று விளையாட்டு பொய் சொல்லத் தொடங்கும். இருவகைக் குழுவினரும் மற்றச் சிறுவர்களைவிட அதிகமாகக் கொதித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வேற்றுமை தெரியவில்லை. தலையில் பொருத்திய மின்முனைகளில் பதிந்த அலைகள் வேறு கதை சொல்லின. இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடம் ஏமாற்றம் நேரும்போது கவனம் குலைந்தது. ஓயாத எரிச்சல் உள்ளவர்களிடம், ஏமாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கவனத்தின் முதற்படியே பலவீனமாக இருந்தது. முகத்தில் ஒரே சிடுசிடுப்பு. உள்ளே இரண்டு வேறு வழிகள்.

மருந்துச் சோதனைகளும் இதையே காட்டின. ஓயாத எரிச்சல் உள்ள சிறுவர்களுக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனை ஒன்றில், வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. அந்த முடிவு 2009-இல் வந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிட்டலோப்ராம் என்ற மருந்தை, கவனக் குறைவுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. சிட்டலோப்ராம் பெற்றவர்களில் 35 விழுக்காட்டினர் தேறினர். அதற்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 6 விழுக்காட்டினர்தாம். ஐம்பது பேரளவில் நடந்த சோதனை. பெரிதாகக் கொண்டாட முடியாது. ஆனால் திசை தெளிவு.

இதையெல்லாம் கண்டபின் கையேடு செய்தது என்ன? ஐந்தாம் பதிப்பில் டி.எம்.டி.டி. என்று சுருக்கமாக வழங்கும் ஒரு புதிய நோயைப் படைத்தது. பத்து வயதுக்குள் தொடங்கி, வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறையாத ஆத்திர வெடிப்பு, இடைப்பட்ட நேரத்திலும் மாறாத எரிச்சல், ஓராண்டுக் காலம், ஓரிடத்தில் மட்டுமன்றிக் குறைந்தது இரண்டு சூழல்களில். இதை மனச்சோர்வு நோய்களின் அத்தியாயத்தில் வைத்தார்கள். வைத்த இடம் சரி, பாராட்டத்தக்கது. வைத்த முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெயரைத் தவறாகச் சூட்டுகிறார்கள் என்றால், அந்தப் பெயரின் நிபந்தனையை அழுத்தமாகச் சொன்னால் போதாதா? தவறான பெயரைத் தடுக்க இன்னொரு பெயரை உருவாக்குவது, பக்கத்து வீட்டுக்குப் போகும் கடிதம் நம் வீட்டுக்கு வருகிறது என்பதற்காக மூன்றாவதாக ஒரு வீடு கட்டுவது போன்றது. நான்காம் பதிப்பின் குழுத் தலைவராக இருந்த ஆலன் ஃபிரான்ஸிஸே, குழந்தைகளின் முரட்டு அடத்தை நோயாக்குகிறார்கள் என்று இதைக் கடுமையாகத் தாக்கினார். அவர் சொல்வது முழுவதும் நியாயம் என்று நான் நினைக்கவில்லை. வாரம் மூன்று முறை, ஓராண்டு முழுவதும், வீட்டிலும் பள்ளியிலும் என்பது சாதாரண அடம் அன்று; அந்தக் குழந்தையும் பெற்றோரும் படும் பாடு பொய்யன்று.

உலக நலவாழ்வு நிறுவனம் இதே சான்றுகளைக் கண்டு வேறு முடிவுக்கு வந்தது. அதன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் புதிய நோய் எதுவும் படைக்கவில்லை. எதிர்த்து மீறும் நடத்தைக் கோளாறு என்று முன்பே இருந்த பெயருக்குக் கீழ், ‘நீடித்த எரிச்சலும் சினமும் உடையது’, ‘அவை இல்லாதது’ என்று இரு பிரிவுகளைச் சேர்த்தார்கள். சிக்கனமான வழி. ஆனால் இதிலும் ஓர் இழப்பு உண்டு. மனநிலையின் துன்பத்தை மீண்டும் ‘நடத்தை’யின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சொல்பேச்சுக் கேளாத பிள்ளை என்ற பட்டம் ஏற்கெனவே அக்குழந்தைக்குக் கிடைத்திருக்கும். மருத்துவமும் அதையே எழுதிக் கொடுப்பதுபோல் ஆகிறது.

இது நமக்கும் நேரடியாக உரிய செய்தி. நம் நாட்டு மனநல மருத்துவச் சட்டம், 2017, உளநோய் எது என்று முடிவு செய்யப் பின்பற்றவேண்டிய அளவுகோல்களில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அண்மைப் பதிப்பைப் பெயர் குறித்தே சொல்கிறது. ஆகவே பாஸ்டனில் ஒரு பையனை மனச்சோர்வு அத்தியாயத்தில் எழுதுவார்கள். அதே நிலையில் உள்ள மதுரைப் பையனை நடத்தைக் கோளாறில் எழுதக்கூடும். பையனின் மூளை கடல் தாண்டி மாறுவதில்லை. உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நேர்ந்தால், பெயரைவிட முதலில் அவருக்குத் தேவைப்படுவது காலக் கணக்குதான். எந்த வயதிலிருந்து, எப்போதும் இப்படியா, அல்லது இன்ன மாதத்திலிருந்து திடீரென்றா, இடையில் நல்ல நாட்கள் எத்தனை, உறக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அலையையும் ஓயாத எரிச்சலையும் பிரித்துக் காட்ட இரத்தப் பரிசோதனை எதுவும் இன்று இல்லை.

பெரியவர்களைப் பற்றிய வரிக்கு வந்தால், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அது 1987-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மனச்சோர்வின் முதல் அறிகுறிக்குக் கீழே, எரிச்சலான மனநிலை சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் மட்டுமே என்ற அந்தச் சிறு குறிப்பு அப்படியே இருக்கிறது. தம்ளரை வீசி எறிந்த மனிதர் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.